நிச்சயத்துக்கு வந்த ஐஸ் பெட்டி

சோம்பேறித்தனத்தைத் திறமை என்று நம்புகிற ஒரு வயது எல்லோருக்கும் வருகிறது. எனக்கு அது கல்லூரியின் கடைசி வருடத்தில், கம்ப்யூட்டர் படிப்போடு சேர்ந்தே வந்தது. தனித்தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். இரண்டும் சேர்ந்து வந்ததால், என் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும்படி ஆனது.

திருக்கோகர்ணத்தில் என் சித்தப்பாவுக்கு வாடகைக் கடை. சாமியானா, நாற்காலி, பாத்திரம், மைக் செட் எல்லாம் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதற்கும் பாரபட்சம் காட்டாத தொழில். சாவு வீட்டுக்கென்று ஃப்ரீசர் பெட்டி ஒன்றும் வைத்திருந்தார். (ஃப்ரீசர் என்று யாரும் சொல்வதில்லை. ஐஸ் பெட்டிதான்.)

கடை ஆர்டர்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல்லி சித்தப்பாவை அரித்தது நான்தான். நானே ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் திறக்கும், டிரைவரின் போனிலும் திறக்கும். ஆர்டரைப் பதிந்தால் போதும், யார் வீடு, எந்த ஊர், என்னென்ன பொருள் என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும். பொருளை இறக்கிவிட்டு அவர் ஒரு பட்டனை அமுக்கினால், வாடிக்கையாளரின் போனுக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும்.

அதில் நான் மிகவும் பெருமைப்பட்டது 'நகல்' என்ற பட்டனைப் பற்றி. ஏற்கெனவே இருக்கிற ஓர் ஆர்டரைத் திறந்து அதை அமுக்கினால், அச்சு அசலாக அதேபோல் இன்னொன்று வந்து நிற்கும். பெயர், ஊர், தேதியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கிற வேலை மிச்சம். "இனிமே யாரும் மூளையவே கசக்க வேணாம் சித்தப்பா" என்று சொல்லியிருக்கிறேன். (அன்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

அக்கா தேன்மொழிக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை செந்தில், ஆவூர்ப் பக்கம். நாங்கள் குன்றாண்டார்கோவில் பக்கம். நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்வதாக முடிவானது. பந்தல், நாற்காலி எல்லாம் சித்தப்பாவின் பொறுப்பு.

"போன வாரம் கீரனூர்ல ஒரு எடத்துக்குப் போட்டோம்ல, அந்த அளவு சரியா இருக்கும். அதே மாதிரி போட்டுரு" என்றார் சித்தப்பா.

கீரனூர் ஆர்டரைத் திறந்தேன். சாமியானா, நாற்காலி, மேசை, தண்ணீர் டிரம், மைக் செட். எல்லாம் எங்களுக்கு வேண்டியதேதான். நகல் எடுத்தேன். பெயர் இருந்த இடத்தில் 'ராமையா' என்று அப்பா பெயரைப் போட்டேன். ஊரை மாற்றினேன், தேதியை மாற்றினேன், அப்பாவின் போன் நம்பரைப் போட்டேன். இன்னொரு நம்பர் கேட்டது. "சம்பந்தி நம்பரப் போட்டு விடு. நம்ம கடை எவ்வளவு நவீனமா நடக்குதுன்னு அவரும் பாக்கட்டும்" என்றார் சித்தப்பா. போட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

கீரனூரில் நடந்தது சாவு என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும். ஆர்டரின் கடைசியில் 'கூடுதல் விவரம்' என்று ஒரு பகுதி இருந்தது. அதை அமுக்கினால்தான் விரியும். அப்படி மடித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று யோசித்தவனும் நானே. அந்த மடிப்புக்குள், நிகழ்ச்சி: துக்கம் என்று இருந்தது. அதற்குக் கீழே, ஐஸ் பெட்டி: ஒன்று.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் கீரனூருக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. நாற்காலிகள் வரிசையாக நின்றன. நடுநாயகமாக, கண்ணாடி மூடியோடு, ஒயர் சொருகி, 'உர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது ஐஸ் பெட்டி.

பந்தலின் மூலையில் டிரைவர் அந்தோணி அண்ணன் கைகட்டி நின்றார். வண்டியை இன்னோர் ஆள் அடுத்த லோடுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். மைக் செட்டைப் பார்த்துக்கொள்ள அவர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து என் தோளில் கையை வைத்தார்.

"தைரியமா இரு தம்பி. யாருன்னு கேக்கக்கூட எனக்கு மனசு வரல."

"என்னண்ணே இது?"

"பெட்டிதான். ஆர்டர்ல இருந்துச்சு."

"இன்னைக்கு அக்காவுக்கு நிச்சயம்ணே."

அந்தோணி அண்ணன் கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். போனை எடுத்து மடிப்பை விரித்துக் காட்டினார். நான் படித்தேன். என் வாழ்க்கையில் அந்த மடிப்பை நான் விரித்துப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"துக்கம்னு போட்டிருக்கு. மொதலாளியோட அண்ணன் வீடு வேற. நான் போயி அவருகிட்டயே, யாருங்க செத்ததுன்னு எப்படிக் கேப்பேன்? மேலப் பாத்து ஒரு செபத்தச் சொல்லிட்டு ஏத்திட்டு வந்துட்டேன்."

"எறக்கிட்டு பட்டன அமுக்கினீங்களா?"

"மொத வேலையா அமுக்கிட்டேன். நீதான மறக்காம அமுக்கணும்னு சொன்ன."

அந்த மெசேஜைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. எதிரில் நிற்கிற பெட்டியே போதுமானதாக இருந்தது.

அம்மா வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இதுக்குத்தான் மாசாமாசம் பஸ் பாஸ் எடுத்துக் குடுத்தமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சித்தப்பா ஓடி வந்தார். எங்கிட்டு மறைப்பது என்று பார்த்தோம். வீட்டு நிலைவாசலில் பெட்டி நுழையாது. கொல்லைப்பக்கம் சமையல் நடந்தது, அடுப்புகளைத் தாண்டித் தள்ள முடியாது. தெருவில் வைத்தால் ஊருக்கே தெரியும். சித்தப்பா தொழில்காரர். சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தார்.

"மறைக்க முடியாது. மேசையாக்கிருவோம்."

பெட்டியின்மேல் பலகையைப் போட்டு, பலகைமேல் சிவப்புப் பட்டுத்துணியைத் தரை தொங்க விரித்தோம். அதன்மேல் எங்கள் பக்கத் தாம்பாளங்களை அடுக்கினோம். வெற்றிலை, பழம், தேங்காய், அக்காவுக்கு எடுத்த சேலை. பார்க்க நன்றாகவே இருந்தது, சத்தத்தைத் தவிர. ஒயரைப் பிடுங்கப் போனேன்.

"டேய், ஓடுறத சட்டுனு நிப்பாட்டாத. கம்ப்ரசர் போயிரும். செத்த நேரம் ஓடட்டும்" என்றார் சித்தப்பா. அந்த நிலைமையிலும் அவருக்கு அவர் சரக்கு.

அப்பா இது எதையும் பார்க்கவில்லை. சமையல்காரர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பம்புசெட்டில் குளித்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார். அவருடைய போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது.

மாப்பிள்ளை வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு செந்தில் மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எல்லோரும் வேனில் ஏறப்போகும் நேரத்தில் அவருடைய அப்பா மாணிக்கம் மாமாவின் போனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. துக்க ஆர்டர்களுக்கென்று நான் எழுதி வைத்த வாசகம்:

'அன்னாரை இழந்து வாடும் திரு. ராமையா குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். தாங்கள் கேட்டிருந்த பொருட்கள் வந்து சேர்ந்தன. மீண்டும் சேவை செய்ய வாய்ப்புத் தாருங்கள்.'

மாமா அப்பாவுக்குப் போன் அடித்திருக்கிறார். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு, மெசேஜின் அடியில் இருந்த கடை நம்பருக்கு அடித்திருக்கிறார். கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பொறுப்பாக, "ஆமாங்க, ராமையா வீட்டுக்குத்தாங்க. பெட்டி காலையிலயே போயிருச்சுங்க" என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தவறும் இல்லை. என் சாஃப்ட்வேர் அன்று ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

போனை எடுக்காததால், போனது அப்பாதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செய்தி பரவியதும் அங்கே பெண்கள் தலையில் வைத்திருந்த பூவை எடுத்துவிட்டார்கள். சீர்த் தட்டுகள் சீட்டுக்கு அடியில் போயின. கூடவே இன்னொன்றும் நடந்தது. செந்திலின் பெரியம்மா வேனில் ஏறிக்கொண்டார். அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்த செந்திலை வளர்த்தது இந்தப் பெரியம்மாதான். அவருடைய கணவர் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். அதனால், நல்ல காரியத்துக்கு நான் எதுக்கு என்று அதுவரை வரமாட்டேன் என்றே இருந்தார். செந்தில் கெஞ்சிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. கெஞ்ச வேண்டிய சொந்தக்காரர்களும் கெஞ்சவில்லை. சாவு என்றதும் ஒருவரும் கூப்பிடாமலேயே முதல் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வேன்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்தன. ஹாரன் அடிக்காமல் வந்தன. மாணிக்கம் மாமா முதலில் இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. நிச்சயத்துக்கே இவ்வளவு பெரிய மாலையா, வசதியான இடம்தான் என்று நினைத்தேன்.

"வாங்க வாங்க" என்றார் சித்தப்பா, வாயெல்லாம் பல்லாக.

சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. மாமா அவரை ஒரு கணம் வெறித்தார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், சித்தப்பாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நடந்தார். அவருடைய கண் பந்தலுக்கு நடுவில் இருந்த மேசையில் நின்றது. நீளம், அகலம், அந்த உர்ர் சத்தம். நம் ஊரில் அந்த அமைப்பைத் துணி போட்டு மூடினாலும் யாருக்கும் அடையாளம் தெரியும்.

நேராகப் போய் மாலையைத் தாம்பாளங்களின் மேல் சாத்தினார். இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக் குனிந்தார்.

"சம்பந்தி, பொண்ணுக்கு ஒரு நல்லது பாக்காமப் போயிட்டீங்களே."

ஒரு தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. பெரியம்மா ஒப்பாரியை எடுத்தார். நல்ல கணீர்க் குரல். மற்ற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். அந்தோணி அண்ணன், பழக்க தோஷம், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். சித்தப்பா வாயைத் திறந்து திறந்து மூடினார். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வேன் ஆட்கள் மனதார அழும்போது, நடுவில் புகுந்து அதை நிறுத்த எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

அந்த நேரத்தில்தான் அப்பா பம்புசெட்டிலிருந்து வந்தார்.

தோளில் ஈரத்துண்டு. வாசலில் கூட்டம், அழுகை. அக்கம்பக்கத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருக்கிறார். கூட்டத்தின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் தாய்மாமா நின்றிருந்தார்.

"யாருங்க?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணோட அப்பா" என்றார் தாய்மாமா, திரும்பாமலே.

"அடப்பாவமே. எந்தப் பொண்ணு?"

"இந்த வீட்டுப் பொண்ணுதான். தேன்மொழி."

அப்பா சற்று யோசித்தார்.

"அது நாந்தானே" என்றார்.

தாய்மாமா திரும்பினார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து அடுத்தவர் திரும்பினார், அவரைப் பார்த்து இன்னொருவர். அழுகை பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே முன்னால் போனது. கடைசியில் பெரியம்மாவின் குரல் மட்டும் தனியாக ஒலித்து நின்றது. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன் சொல்லுவான்."

சொன்னேன். ஏற்கெனவே உள்ள பதிவை நகல் எடுப்பது எப்படி, அதனால் நேரம் எப்படி மிச்சமாகிறது, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும் என்றெல்லாம் விளக்கினேன். (பாதியில் எனக்கே பெருமை வந்துவிட்டது. அம்மா கிள்ளினாள்.)

"ஆக, செத்தவன் கணக்குல எம் பேர எழுதிட்ட" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"சரி."

தாய்மாமா எழுந்தார். "தப்பா நெனைக்காதீங்க. பந்தலுக்குள்ள பெட்டி வந்திருக்கு, ஒப்பாரி வச்சாச்சு. சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். பாதி அலங்காரத்தில் இருந்த அக்கா நிலைப்படிக்கு வந்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதுவரை கதை போல் இருந்தது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பட்டனை அமுக்கி அவள் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன்.

இதற்கிடையில் பெரியம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்து தெருப்பக்கம் நடந்தார்.

"நீங்க எங்க போறீங்க?" என்று அக்கா கேட்டாள். கல்யாணப் பெண் சத்தமாகப் பேசக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மறந்துவிட்டாள்.

"நான் சாவுக்குன்னு வந்தேன் ஆத்தா. யாரும் சாகல. நல்ல காரியம் நடக்குற எடத்துல எனக்கென்ன வேல? பஸ்ஸப் புடிச்சுப் போயிக்கிறேன்."

"இப்ப பஸ்ஸு இல்ல. மத்தியானந்தான். சாப்ட்டுப் போகலாம், உக்காருங்க."

பெரியம்மா தயங்கினார். தாய்மாமாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ஈரத்துண்டோடு நின்ற அப்பாவை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனையோ சாவுக்குப் போயிருக்கேன்" என்றார். "போன எடத்துல ஆளு எந்திரிச்சு வந்து நின்னு நான் பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரருக்கு அழுதப்பக்கூட அப்படி வந்துர மாட்டாரான்னுதான் கெடந்தேன். இவரு வந்துட்டாரு. இத விட நல்ல சகுனம் என்னய்யா வேணும் ஒங்களுக்கு?"

தாய்மாமா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மாணிக்கம் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருடைய மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"நான் வேற இவருக்கு அழுதுட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "அழுத பெறகு சம்பந்தம் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அதோடு முடிந்தது. அந்தோணி அண்ணன் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் போட்டார். பெண்கள் வேனுக்குப் போய்ப் பூவைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார்கள். சீட்டுக்கு அடியிலிருந்து தட்டுகள் வந்தன. பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். செந்தில் மச்சானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். ஆனால், வரக்கூடாதவர் வந்துவிட்டார் என்று சொல்வதானால் பெட்டியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டார்கள். தட்டு மாற்றுவதற்கு வேறு மேசை இல்லை. அதே பெட்டியின் மேல்தான் மாற்றிக்கொண்டார்கள். வெற்றிலை மட்டும் நல்ல குளிர்ச்சியாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது, செந்தில் மச்சான் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. பெரியம்மாவ வர வைக்கத்தான் இப்படிச் செஞ்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வாய்ப்பு அது. ஆனால் அம்மா பின்னாலேயே பொரியல் வாளியோடு நின்றாள்.

"இல்ல மச்சான், தெரியாமத்தான்" என்றேன்.

"பரவால்ல" என்று இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் திருச்சியில் ஒரு கம்பெனியில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். சித்தப்பா கடையின் சாஃப்ட்வேரை வேறொருவர் கவனிக்கிறார், அதில் நகல் பட்டன் கிடையாது. அப்பா திடமாக இருக்கிறார். அவருக்குத் தும்மல் வந்தால்கூட மாணிக்கம் மாமா போனில் கூப்பிட்டு, "இந்தத் தடவை நெசமா, மெசேஜா?" என்று கேட்பார். இருவரும் சிரிப்பார்கள். நான் அருகில் இருந்தால் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள்.

சென்ற வருடம் அக்காவுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். குழந்தை அப்படியே மூத்தவளை உரித்து வைத்திருந்தது. அதே மூக்கு, அதே நெற்றி, காதோரம் அதே சுருட்டை முடி. எல்லோரும் மாறி மாறிப் பார்த்து அதிசயப்பட்டார்கள். பெரியம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"தம்பி," என்றார், "இதுக்குப் பேரயாச்சும் மறக்காம மாத்தச் சொல்லு."